வெள்ளி பன்னிரண்டு, திங்கள் ஒன்பது

நான் ஓய்வுபெற்ற அன்று நீங்கள் எல்லாரும் சேர்ந்து எனக்கு ஒரு சுவர்க் கடிகாரம் தந்தீர்கள். கேக் வெட்டி, மாலை போட்டு, படம் பிடித்து முடிந்த பிறகு அந்தப் பெட்டியை என் கையில் தந்தபோது, பின்வரிசையில் சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை நான் கவனித்தேன். புதிதாக வந்தவர்களுக்கு அந்தச் சிரிப்பின் காரணம் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லியிருந்தால் என் மானத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே வாங்கியிருப்பார்கள். ஆகவே நானே சொல்லிவிடுகிறேன். என் வாயால் சொன்னால் சேதாரம் ஒரு அளவோடு நிற்கும்.

மெதுவாக ஓடும் ஒரு இணையச் செயலியை எப்படிச் சரிசெய்வது என்று புதியவர்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். எந்த அளவீட்டைப் பார்ப்பது, எந்தக் கட்டளையை அடிப்பது என்பதெல்லாம் இப்போது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரியாவிட்டால் தேடிப் பார்த்துக்கொள்ளலாம். நான் எழுதப் போவது, எல்லா அளவீடுகளையும் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு ஒரு மனிதன் மூன்று கிழமையாக எப்படி மடையனாக இருந்தான் என்பதை. அந்த மனிதனை எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் முகம் வழிக்கும்போது கண்ணாடியில் பார்க்கிறேன்.

அது வெட்டு மெஷின் பதிவு செய்யும் செயலி. இன்று நீங்கள் பராமரிக்கும் செயலியின் முதல் வடிவம். நெல் விளைந்துவிட்டால் மாவட்டம் முழுவதற்கும் ஒரே நேரத்தில் வெட்டு மெஷின் வேண்டும், மெஷின்களோ கொஞ்சம். முன்பெல்லாம் நடுவில் தரகர்கள் நின்றார்கள். பெரிய காணியும் உரத்த குரலும் உள்ளவரிடம் மெஷின் முதலில் போகும். ஓரத்துக் காணிக்காரர் வாய்பார்த்துக்கொண்டு வரம்பில் நிற்பார். இதை மாற்றத்தான் விவசாயிகள் ஒன்றியம் நகரத்தில் இருந்த எங்கள் சின்ன அலுவலகத்துக்கு வந்தது. காணிக்காரர் தன் போனிலேயே பதிவு செய்வார். எந்த மெஷின் எந்த நாளில் எந்த வட்டைக்கு, அதாவது எந்த வயல்வெளிக்குப் போவது, அந்த வட்டையில் யாருடைய வயலை முதலில் வெட்டுவது என்று செயலி கணக்குப் பார்த்துச் சொல்லும். ஒன்றியத்தில் சேர்ந்த மெஷின்காரர் எல்லாரும் செயலி சொல்வதன்படிதான் போவார்கள் என்று முடிவாகியிருந்தது. அதாவது செயலி நின்றால் வெட்டும் நிற்கும்.

நான்தான் அதற்குப் பொறுப்பு. எனக்கு அடுத்ததாக பர்வின். ஏறாவூர்க்காரி, தரவுத்தளம் முழுக்க அவளுடைய பொறுப்பு, பேச்சு குறைவு, பேசினால் குத்தும். அலுவலகத்தில் நாங்கள் இருவரும் பரீட்சித்துப் பார்த்தபோது செயலி வண்டு மாதிரிப் பறந்தது. ஒன்றியத் தலைவருக்கு அதைக் காட்டி, "கண் மூடித் திறக்கிறதுக்குள்ள வேலை முடியும்" என்று நான் சொன்ன வார்த்தையை அவர் பிறகு பல கூட்டங்களில் எனக்கே திருப்பிச் சொன்னார்.

போகம் வந்தது. படுவான்கரைப் பக்கத்திலிருந்து, அதாவது வாவிக்கு மேற்கே இருக்கும் வயல் ஊர்களிலிருந்து, முறைப்பாடுகள் வரத் தொடங்கின. பட்டனை அமத்தினால் வட்டம் சுத்துது, சுத்துது, சுத்திக்கொண்டே இருக்குது. கடைசியில் பக்கம் செத்துப் போகுது. அதுவும் எப்போதும் இல்லை. சில நேரம் நன்றாக ஓடும், சில நேரம் படுத்துவிடும்.

கொழும்பில் நான் முதன்முதலாக வேலை பழகிய இடத்தில் ஒரு மேலாளர் இருந்தார். ஏதாவது மெதுவாகிவிட்டது என்று நாங்கள் ஓடிப்போனால், ஏன் என்று கேட்கமாட்டார். "எப்ப?" என்று மட்டும் கேட்பார். எப்ப என்று தெரியாமல் ஏன் என்று யோசிப்பவனை அவர் நாற்காலியில் உட்காரவே விடமாட்டார். அந்தப் பாடத்தை நான் மறக்கவில்லை. நான் செய்த முதல் வேலையே எப்ப என்று பார்த்ததுதான். ஆனால் எப்படிப் பார்த்தேன் தெரியுமா? கிழமையின் ஏழு நாளையும் ஒன்றாகப் போட்டு, மணிக்கு மணி சராசரி எடுத்து, ஒரு அழகான வரைபு கீறினேன். கோடு வாவித் தண்ணீர் மாதிரித் தட்டையாகக் கிடந்தது. "நேரத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை" என்று பர்வினிடம் அறிவித்தேன்.

அதன்பிறகு நான் செய்த வைத்தியங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன், என்மேல் உங்களுக்குள்ள மரியாதை கொஞ்சமாவது மிச்சம் இருப்பதற்காக. முதலில் பெரிய சேர்வருக்கு மாறினோம். ஒன்றும் ஆகவில்லை. பிறகு படங்களையெல்லாம் சின்னதாக்கினோம். பக்கம் அழகு கெட்டதுதான் மிச்சம். பிறகு பழியைத் தொலைபேசிக் கோபுரத்தின் மேல் போட்டேன். ஏறாவூர், ஓட்டமாவடிப் பக்கத்திலிருந்து ஒரு முறைப்பாடும் வரவில்லை, எல்லாம் படுவான்கரையிலிருந்துதான். அங்கே சிக்னல் குறைவு. வேறென்ன வேண்டும்? தீர்ப்பு எழுதிவிட்டேன்.

அந்தத் தீர்ப்பைக் கையோடு நிரூபிக்கலாம் என்று ஒரு புதன்கிழமை லப்டொப்பையும் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் போனேன். அதிகமாக முறைப்பாடு சொன்ன யோகேஸ்வரி அக்காவைத் தேடித்தான் போனேன். அவருக்கு வாவியை ஒட்டிய பள்ளக் காணி, மூன்று ஏக்கர். கணவர் இல்லை. விதைத்ததும் காவல் பார்த்ததும் அவரேதான். நெல் பழுத்துத் தலைசாய்ந்து நின்றது. மழை ஒரு தரம் நன்றாகப் பெய்தால் அந்தப் பள்ளத்துக்குள் மெஷின் இறங்காது; சேற்றில் புதைந்துவிடும். கையால் வெட்ட ஆளும் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மழை என்று வானிலை அறிவித்துவிட்டிருந்தார்கள்.

"திங்களும் போட்டன், செவ்வாயும் போட்டன் தம்பி. சுத்துறதும் நிக்கிறதும்தான். என்ட நெல்லு இனி நிக்காது. பள்ளம் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

நான் வரம்பிலேயே குந்தி இருந்து அவருடைய போனில் செயலியைத் திறந்தேன். உடனே திறந்தது. பக்கம் பக்கமாகத் தட்டினேன். பறந்தது. சிக்னலும் பரவாயில்லை. எனக்குச் சந்தோஷப்படுவதா, என் கோபுரக் கதை இடிந்து விழுந்ததற்குக் கவலைப்படுவதா என்று தெரியவில்லை.

"அக்கா, இப்ப நல்லா வேலை செய்யுது. இப்பவே போட்டுடுங்க."

"இப்ப வேணாம் தம்பி. ஒழுப்பம் கழிச்சு மறுகா போடுறன்."

நான் என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டரை. "ஓம் அக்கா, கொஞ்சம் கழிச்சே போடுங்க" என்று தலையாட்டினேன். என் போன் இலக்கத்தைக் கொடுத்துவிட்டு மண்முனைப் பாலத்தால் திரும்பி வந்தேன். நான் அலுவலகப் படியேறும்போது அவருடைய பதிவு வழக்கம்போலச் சுற்றிக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் வியாழக்கிழமை காலை ஒன்றியத் தலைவர் அலுவலகத்துக்கு வந்தார். அதற்குள் பர்வின் என் சராசரி வரைபைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒவ்வொரு நாளையும் தனித்தனியாகக் கீறியிருந்தாள். தட்டையாகக் கிடந்த கோட்டுக்குள் நாளுக்கு ஒரு மலை ஒளிந்திருந்தது. ஆனால் மலை ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு இடத்தில். திங்கள் காலை ஒன்பதுக்கு. வெள்ளி நண்பகல் பன்னிரண்டுக்கு. செவ்வாய் மாலை நாலரைக்கு. இப்படியே.

எனக்குக் காரணம் சொல்லத் தெரியாதா? திங்கள் காலை அரசாங்கக் கந்தோர்கள் திறக்கும் நேரம், லைன் எல்லாம் நெருக்கம் என்றேன். செவ்வாய், பின்னேரத் தேத்தண்ணி குடித்துவிட்டுச் சனம் போனை எடுக்கிறது. புதன், மதியச் சாப்பாடு முடிந்த கையோடு. வியாழன், பள்ளிக்கூடத்தால் வந்த பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுப் பெரியவர்களுக்குப் போட்டுக் கொடுக்கிறார்கள். வெள்ளி, ஜும்மாவுக்குப் போக முன்னம் அவசரமாகப் போடுகிறார்கள். இதைச் சொல்லும்போது பர்வின் என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஜும்மாவுக்குப் போகிற ஏறாவூரில்தான் பிரச்சினையே இல்லையே என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். நான் கவனிக்காத மாதிரிச் சனிக்கிழமைச் சந்தைக்கும் ஞாயிற்றுக்கிழமைத் தொலைக்காட்சிக்கும் போய்விட்டேன்.

தலைவர் பொறுமையாகக் கேட்டார். "ஒரு கொம்பியூட்டருக்கு ஏழு நாளும் ஏழு வருத்தமா சேர்?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அவர் எழும்பினார். "ஞாயிற்றுக்கிழமை மழை. சனிக்கிழமைக்குரிய மெஷின் ஒழுங்கு வெள்ளி பின்னேரம் முடிவாகணும். நாளைக்கும் இது படுத்திட்டு எண்டா நான் தரகர்மாரக் கூப்பிடுறன். எனக்கு வேற வழி இல்ல. பள்ளக் காணிக்காரர் என்ட வாசல்ல வந்து அழுதா, உங்கட வீட்டுக்கு அனுப்பி விடுவன்."

அவர் போன பிறகு யோகேஸ்வரி அக்காவின் முகம்தான் எனக்கு வந்தது. தரகர்கள் திரும்ப வந்தால் கடைசி ஆள் அவர்தான். அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். உண்மையைச் சொல்கிறேன், பயமாக இருந்தது. நான் செய்து கொடுத்த செயலியால்தான் அந்த நெல் தண்ணீருக்குள் கிடக்கப் போகிறது.

பயந்த மனிதன் எதையாவது செய்யப் பார்ப்பான். தரவுத்தள அமைப்பில் ஒரு மாற்றம் போட்டுப் பார்ப்போம் என்று பர்வினிடம் சொன்னேன். அவள் கையை விசைப்பலகையில் வைத்தாள். அப்போது நேரம் ஒன்றே முக்கால்.

"இப்ப வேணாம் பர்வின். மூணு மணிக்குப் புறகு தொடங்குவம்."

அவள் கையை எடுத்துவிட்டாள். "சேர், ஒண்டு கேட்டாக் கோவிக்கமாட்டீங்களே?" என்றாள்.

"கேளுங்க."

"திங்கக்கிழமையில ஒம்பதுக்கு முந்தி நீங்க ஒண்டும் தொடங்கமாட்டீங்க. வெள்ளிக்கிழமையில பன்னெண்டு மட்டும் பொறுக்கச் சொல்லுவீங்க. நேத்து நீங்க வெளிக்கிட்டது பன்னெண்டுக்கு முன்னாடி. வெயிலுக்கு முந்திப் போறீங்க எண்டு நினைச்சன். இண்டைக்கு மூணு மணி. உங்களோட வேலை செய்யுற எனக்கு இந்த நேரமெல்லாம் பாடம். என்னத்துக்கு எண்டுதான் தெரியா."

"ராகு காலம் புள்ள" என்றேன், கொஞ்சம் வெட்கத்தோடு. ஒவ்வொரு நாளும் ஒன்றரை மணி நேரம், புது வேலை எதையும் தொடங்கக் கூடாத நேரம், நாளுக்கு நாள் அது மாறும் என்று விளக்கினேன். நான் பெரிய பக்திமான் இல்லை. ஆனாலும் வீட்டில் பழகிய பழக்கம், ஒரு புதிய பதிப்பை ராகு காலத்தில் நான் ஒரு நாளும் ஏற்றியதில்லை.

பர்வின் தன் திரையை என் பக்கம் திருப்பினாள். ஏழு நாளுக்கு ஏழு மலை. ஒவ்வொன்றின் அடியிலும் விரலை வைத்துக் காட்டினாள். "திங்கள் ஒம்பது. செவ்வாய் நாலரை. புதன் ஒண்டரை. வியாழன் மூணு. வெள்ளி பன்னெண்டு. சேர், இது உங்கட நேரம். சனம் எல்லாம் உங்கள மாதிரித்தான்."

வருசத்தின் முதல் வெட்டுக்கு மெஷின் பதிவது நல்ல காரியம். நல்ல காரியத்தை ராகு காலத்தில் யார் தொடங்குவார்? எல்லாரும் போனைக் கையில் வைத்துக்கொண்டு ராகு காலம் முடியும்வரை காத்திருக்கிறார்கள். முடிந்த நிமிடம் எல்லாரும் ஒன்றாக அமத்துகிறார்கள். ஏறாவூர் விவசாயிகளுக்கு இந்தக் கணக்குக் கிடையாது. அவர்கள் நினைத்த நேரம் பதிகிறார்கள், அவர்களுக்கு ஒரு தடையும் வரவில்லை. நான் கோபுரத்தைப் பழி சொல்லிக்கொண்டிருந்தேன்.

சனம் ஒன்றாக வந்தால் செயலி ஏன் படுத்தது என்பது அதன்பிறகு இலகுவாக விளங்கிற்று. கொத்துரொட்டிக் கடையில் ஓர்டர் எடுப்பவரும் கொத்துப் போடுபவரும் ஒரே ஆள் என்று வையுங்கள். முதல் ஆளுக்குக் கொத்திக் கொடுத்து முடிக்கும்வரை அடுத்த ஆளிடம் என்ன வேண்டும் என்றே கேட்கமாட்டார். எங்கள் செயலியும் அப்படித்தான். ஒருவர் பதிந்தால் அந்த வட்டையின் மெஷின் ஒழுங்கு முழுவதையும் புதிதாகக் கணக்குப் பார்த்து முடித்த பிறகுதான் அடுத்தவரை உள்ளே விடும். தனித்தனியாக வந்தால் தெரியாது. நூறு பேர் ஒன்றாக வந்தால் வரிசை வீதிக்குப் போய்விடும். பெரிய சேர்வர் எடுத்தது, அந்த ஆளுக்குப் பெரிய இரும்புத் தட்டு வாங்கிக் கொடுத்த மாதிரி.

பதிவை உடனே வாங்கிக்கொண்டு கணக்கைப் பிறகு பார்க்கும்படி ஒரு மாற்றத்தைப் பர்வின் முன்பே எழுதி வைத்திருந்தாள். "தேவையில்லாத வேலை" என்று சொல்லி அதைக் கிடப்பில் போட்டவர் யார் என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன். அன்று மாலை அதைத் தூசி தட்டி எடுத்துப் பரீட்சித்தோம். வேலை செய்தது. இனி ஏற்றுவதுதான் பாக்கி. எப்போது ஏற்றுவது?

பர்வின் பதிலோடு தயாராக இருந்தாள். "ஏத்துறதுக்குச் செயலிய ஒழுப்பம் நிப்பாட்டணும் சேர். இப்பயும் பதிஞ்சுகொண்டு இரிக்காங்க. சனம் இல்லாத நேரமா இரிக்கணும். வெள்ளி பன்னெண்டுக்கு முந்தியும் முடிக்கணும்."

"விடிய வெள்ளண்ண செய்வம்."

"வெள்ளண்ண வயலுக்குப் போறவங்க அமத்துவாங்க. மெஷின்காரர் அண்டைய ஒழுங்க எடுக்கிறதும் அப்பதான். ஆரும் தொடாத நேரம் ஒண்டுதான் இரிக்கு." அவள் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரிந்தது. "பத்தரையில இருந்து பன்னெண்டு மட்டும்."

வெள்ளிக்கிழமை ராகு காலம்.

அன்று இரவு நான் தூங்கியதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. மறுநாள் பத்தரைக்குச் செயலியை நிறுத்தினோம். பர்வின் சொன்னது சரி, ஒரு ஆளும் இல்லை. மாவட்டமே மூச்சைப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டுக்குக் காத்திருந்தது. நான் ஏற்ற வேண்டிய கட்டளையை அடித்து வைத்துவிட்டு, அதை ஓட விடாமல் வேறு வேலைகள் பார்த்தேன். தரவுக்குக் காப்புப் பிரதி எடுத்தாயிற்றா என்று மறுபடி பார்த்தேன். பிறகும் பார்த்தேன். சேர்வரில் இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். ஒரு யானையைக் கட்டலாம். போய்த் தண்ணீர் குடித்தேன். வந்து ஜன்னலைச் சாத்தினேன்.

"சேர், நீங்க டெக்னிக்கலாப் பயப்பிடுறீங்களா, இல்லாட்டி மத்தப் பயமா?" என்றாள் பர்வின்.

நான் சாத்திய ஜன்னலை மறுபடி திறந்தேன்.

"எனக்கு உங்கட ராகுவோட ஒரு கொடுக்கல் வாங்கலும் இல்ல. தள்ளுங்க, நான் அமத்துறன்."

எனக்கு நாக்கில் நீர் ஊறியது. எவ்வளவு சுகமான யோசனை! அவளுக்கு நம்பிக்கை இல்லை, ஆகவே தோஷமும் இல்லை. ஆனால் ஏதாவது பிழைத்துவிட்டால்? தலைவர் முதல் எல்லாரும் பர்வின் ஏற்றியது என்றுதான் சொல்வார்கள். என் அச்சத்துக்கு அவளுடைய கையை முன்னே தள்ளிவிட்டு நான் பின்னால் நிற்கக் கூடாது. நான் கோழைதான், ஆனால் அது வெளியே தெரியும் அளவுக்குக் கோழை இல்லை. "நானே அமத்துறன்" என்று சொல்லிக் கடவுச்சொல்லை அடித்து அமத்தினேன்.

திரை முழுக்கச் சிவப்பு எழுத்து.

வெட்கமில்லாமல் சொல்கிறேன், வாய் தன்பாட்டில் பிள்ளையாரைக் கூப்பிட்டது. ஞாயிறு மழை, பள்ளக் காணி, தலைவர் அனுப்பப் போகும் சனம் எல்லாம் கண்ணுக்கு முன்னால் வரிசையில் நின்றன. பர்வின் எட்டிப் பார்த்தாள். "சேர், கேப்ஸ் லொக் போட்டிரிக்கு" என்றாள். எடுத்துவிட்டு மறுபடி அடித்தேன். ஏறியது.

செயலி எழும்பியது. மூன்று நாளாக அரைகுறையாகத் தொங்கிக்கொண்டு நின்ற பதிவுகளையெல்லாம் பர்வின், வந்த ஒழுங்கின்படி உள்ளே விட்டாள். ஒவ்வொன்றாக முடிந்து, காணிக்காரர்களுக்கு மெசேஜ் போகத் தொடங்கியது. நான் நாற்காலியில் சாய்ந்தேன். சாய்ந்து முடியவில்லை, போன் அடித்தது.

"தம்பி! நான் யோகேஸ்வரி. நாளைக்கு வெள்ளண்ண மெஷின் வருகுது எண்டு மெசேஜ் வந்திருக்கு."

"ஓம் அக்கா, சந்தோசம்தானே?"

"என்ன சந்தோசம்? மணி என்ன? ராகு காலத்தில அனுப்பி இருக்கீங்களே! முதல் வெட்டு தம்பி. இத ரத்துப் பண்ணுங்க. பன்னெண்டுக்குப் புறகு நான் திரும்பப் போடுறன்."

ரத்துச் செய்தால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும். பன்னிரண்டுக்குப் பிறகு நூறு பேரோடு சேர்ந்து பதிந்தால் அவருக்குத் திங்கள் அல்லது செவ்வாய்தான் கிடைக்கும். மழை ஞாயிறு. இதைச் சொன்னேன். அவர் அசையவில்லை. எனக்குப் பதற்றத்தில் புத்தி கோணலாகப் போயிற்று. "அக்கா, எங்கட சேர்வர் சிங்கப்பூர்ல இரிக்கு. அங்க மணி வேற. அங்க ராகு காலம் எப்பயோ முடிஞ்சிட்டு" என்றேன்.

"நெல்லு இஞ்சதானே தம்பி நிக்குது?"

பக்கத்தில் பர்வின் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினாள். கெட்டிக்காரத்தனம் இனிமேல் வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

"அக்கா, நானும் நேரம் பாக்கிற ஆள்தான். உள்ளதச் சொல்லுறன், கேளுங்க. நீங்க பதிஞ்சது இப்ப இல்ல. புதன்கிழமை, நான் வந்து போன புறகு, ஒண்டரை தாண்டித்தானே அமத்தினீங்க? அந்தப் பதிவுதான் இது. இவ்வளவு நாளும் எங்கட பிழையால தொங்கிக்கொண்டு நிண்டது. நீங்க தொடங்கினது நல்ல நேரத்தில. ராகு காலத்தில வேலை செய்தது நான் மட்டும்தான்."

மறுபக்கம் எங்கேயோ ஒரு சேவல் கூவியது கேட்டது.

"அப்ப தோசம் உங்களுக்குத்தானே?"

"ஓம் அக்கா. எனக்குத்தான்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுறீங்களா?"

"யோசிச்சுத்தான்."

"அப்ப சரி. மெஷின வரச் சொல்லுங்க" என்று போனை வைத்துவிட்டார்.

பன்னிரண்டு மணிக்கு வரிசை வந்தது. திரையில் மலை எழுந்தது. ஆனால் ஒரு பக்கமும் சுற்றவில்லை. அமத்தியவருக்கு அமத்திய கையோடு பதில் போனது. பர்வின் எண்களைப் பார்த்துவிட்டு, "சரி சேர், நான் சாப்பிடப் போறன்" என்று எழும்பினாள். எனக்கு எழும்பிப் போக முடியவில்லை. தரகர்களைக் கூப்பிடத் தேவையில்லை என்று பின்னேரம் தலைவர் ஒரு வரி மெசேஜ் அனுப்பினார். நன்றி என்ற சொல் அதில் இல்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

சனிக்கிழமை அதிகாலை மெஷின் பள்ளக் காணிக்குள் இறங்கியது. ஒன்பது மணிக்கு அன்றைய ராகு காலம் தொடங்குமுன் முதல் வெட்டு முடிந்திருந்தது. யோகேஸ்வரி அக்கா மெஷின்காரரை விரட்டியே இறக்கியிருக்கிறார் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஞாயிறு பின்னேரம் மழை கொட்டியது. நான் வீட்டு வாசலில் நின்று அதைப் பார்த்தேன். வாழ்க்கையில் ஒரு மழையை அவ்வளவு நிம்மதியாக நான் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை அக்கா எனக்குப் போன் எடுத்தார். நெல் மூட்டை கட்டியாயிற்று என்று சொல்வார் என்று நினைத்தேன். அவர் முதலில் கேட்டது வேறு.

"தம்பி, உங்களுக்கு ஒண்டும் நடக்கல்லையே?"

எனக்கு உடனே விளங்கவில்லை. தோஷத்தைத்தான் கேட்கிறார் என்று பிறகுதான் பிடிபட்டது. "ஒண்டும் இல்ல அக்கா, நல்லா இரிக்கன்" என்றேன். சனிக்கிழமை டயர் வெடித்ததை மறைத்துவிட்டேன்.

"எனக்கு மனசு கேக்கல்ல. கொக்கட்டிச்சோலைக் கோயில்ல உங்களுக்கு ஒரு அர்ச்சனை வெச்சன். பேரும் தெரியா, நட்சத்திரமும் தெரியா. மெஷின் அனுப்புற கொம்பியூட்டர் தம்பி எண்டு ஐயரிட்டச் சொன்னன். அவர் ஒரு மாதிரிப் பாத்திட்டுச் செஞ்சு தந்தார்."

நான் பேரையும் நட்சத்திரத்தையும் சொன்னேன். பிறகு, செயலி ஏன் இத்தனை நாள் படுத்தது என்பதையும் சொன்னேன். ராகு காலம் முடிந்த கையோடு எல்லாரும் ஒன்றாக அமத்தியதுதான் காரணம், அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று கிழமை எடுத்தது என்றேன். கொஞ்சம் குறையாகவே கேட்டேன்: "அண்டைக்கு வரம்பில வெச்சு நான் இப்பவே போடுங்க எண்டு சொல்லக்குள்ள, ராகு காலம் எண்டு நீங்க ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே அக்கா?"

"என்ன தம்பி கதைக்கிறீங்க?" என்றார் அவர், உண்மையான ஆச்சரியத்தோடு. "நீங்களும் மணிக்கூட்டைப் பாத்திட்டுத்தானே தலையாட்டினீங்க? உங்களுக்குத் தெரியும் எண்டுதான் நான் நினைச்சன்."

எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

நீங்கள் தந்த கடிகாரத்தை முன்னறையில் மாட்டியிருக்கிறேன். நன்றாக ஓடுகிறது. ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்று மணிக்கும் நாலரைக்கும் இடையில் ஏணி வைத்து மாட்டினேன்.